தேசம்மாளுக்குச் சக்களத்தியாக வந்த ஆறு

ஆடி பிறந்த முதல் வெள்ளிக்கிழமை காலை, தாழையாறு தன் படுக்கையிலிருந்து எழுந்து, முந்தானையைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, எரிந்த ஒயர்க் குப்பையையும் கம்ப்யூட்டர் போர்டுக் குவியல்களையும் சுற்றி மேடேறி வந்து, கன்னியப்பன் வீடு எது என்று ஒருவரையும் கேட்காமல் நேராக அந்த வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கன்னியப்பனின் மனைவி தேசம்மாள் அப்போதுதான் கோலம் போட்டு முடித்திருந்தாள். கோலத்தின் மேல் ஈரக்காலை வைத்தவள் யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதலாக அந்தத் தண்ணீரின் நிறத்தையும் நாற்றத்தையும் பார்த்துக்கொண்டிருப்பவள்தானே. மயில்கழுத்துப் பச்சையில் புடவை, சுருட்டி வைத்த செம்புக் கம்பி போலக் கொண்டை, ஈயம் படிந்து சாம்பலாகிப்போன நகங்கள். ஆறு எழுந்து வந்துவிட்டதே என்று தேசம்மாள் மலைக்கவில்லை. ஊரில் இத்தனை வீடு இருக்க என் வீட்டுக்கு எதற்கு வந்தாள் என்றுதான் அவளுக்கு வயிறு எரிந்தது.

போர்டுமேடு என்பது அந்த இடத்துக்குச் சர்க்கார் வைத்த பெயர் இல்லை. பட்டணத்துக்கு வடக்கே, உப்பங்கழிக்கு முன்னால் ஆறு வளைகிற அந்த மேட்டில், ஊர் உலகத்தில் செத்துப்போன கம்ப்யூட்டரும் செல்போனும் டிவிப்பெட்டியும் லாரி லாரியாக வந்து இறங்கும். இறங்கியதை உடைத்து, சுட்டு, ஊறவைத்து, உள்ளே இருப்பதை எடுத்துத்தான் அங்கே அடுப்பு எரிந்தது. பெண்கள் ஒயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள், போர்டை அடுப்பில் வாட்டி ஈயத்தை உருக்கிச் சில்லுகளை உதிர்ப்பார்கள். ஆசிட் வேலை மட்டும் ஆண்களுடையது. அதைப் பெண்கள் தொடக்கூடாது. கல்யாணப் பந்தியில் சோறு கொட்டுகிற அதே நீலப் பிளாஸ்டிக் அன்னக்கூடையில் ஆசிட்டை ஊற்றி, போர்டைப் போட்டு வைத்தால், தங்கம் பூசிய இடமெல்லாம் மெல்லிய தோலாக உரிந்து வரும். அதைத் துணியில் வடித்துக்கொண்டு, மிச்சத் தண்ணீரைப் பொழுது சாயும்போது ஆற்றில் கொட்டுவார்கள். எவன் இடத்தில் எவன் கொட்டுவது என்று முன்பு மண்டை உடைந்ததால், கரையைப் பிரித்து ஆளுக்கொரு இறக்கம் என்று வைத்துக்கொண்டார்கள். தகப்பன் இறக்கம் மகனுக்கு, மாமனார் இறக்கம் மருமகனுக்கு என்று நிலம் மாதிரி அது கைமாறி வந்தது.

கன்னியப்பனிடம் ஒரு குறை உண்டு, அதை ஊரே சொல்லிச் சிரிக்கும். ஆசிட்டில் உரிந்த தங்கம் அடங்கித் தெளிவதற்கு நேரமாகும். மற்றவர்கள் பீடி பிடித்துக்கொண்டு, சீட்டாடிக்கொண்டு காத்திருப்பார்கள். இவனுக்கு அந்தப் பொறுமை கிடையாது. மேலே மிதப்பதை அள்ளிக்கொண்டு, அடியில் மினுமினுப்பு இன்னும் அலைந்துகொண்டிருக்கும்போதே அன்னக்கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவான். அவன் இறக்கத்துச் சேற்றில்தான் தங்கம் அதிகம் என்பது போர்டுமேட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் ஈயமும் பாதரசமும் செம்பும் இன்னும் பெயர் தெரியாத எது எதுவோ கலந்து கருங்களியாக இறுகிக் கிடந்த அந்தச் சேற்றிலிருந்து அதைப் பிரிக்க ஒருவராலும் ஆகவில்லை. தேசம்மாளின் கழுத்திலோ மஞ்சள் கயிறு மட்டும்தான் கிடந்தது, மூக்குத் துளை தூர்ந்துவிடாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சியைச் செருகி வைத்திருந்தாள்.

இன்னொன்றும் உண்டு, அது தேசம்மாளுக்கு மட்டும் தெரியும். எதற்கும் பொறுக்காத அந்த மனுஷன், சோறு ஆறுவதற்குள் வாயில் போட்டு நாக்கைச் சுட்டுக்கொள்கிறவன், ஆற்றங்கரைக்குப் போனால் வேறு ஆளாகிவிடுவான். முட்டிபோட்டு உட்கார்ந்து, அன்னக்கூடையின் விளிம்பைத் தண்ணீரோடு தண்ணீராக வைத்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவது போல மெல்ல மெல்லச் சாய்ப்பான். சரேலென்று கொட்டினால் தெறித்துக் கால் வெந்துபோகும், அதற்காகத்தான் அப்படிச் செய்கிறான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், மேட்டிலிருந்து பார்க்கும்போதெல்லாம், இந்தப் பதவிசில் கால்வாசியைக்கூட என்னிடம் காட்டியதில்லையே என்று நினைத்துக்கொள்வாள்.

ஆகவே, அன்று காலை புருஷன் பல் துலக்கிய வாயோடு வெளியே வந்து நின்றபோது, தேசம்மாள் அவனைப் பார்க்காமல் வந்தவளைப் பார்த்தே கேட்டாள்.

"இன்னாத்துக்கு இங்க வந்த?"

"இவருதான் குட்த்துக்கினே இருந்தாரு," என்றாள் தாழை. "குட்த்தவரு வூட்டுக்குத்தானக்கா வரணும்."

அக்கா என்றாளே, அதுதான் தேசம்மாளுக்கு உச்சியில் ஏறியது. மலையில் பிறந்து எத்தனை தலைமுறையோ, பூட்டன் முப்பாட்டன் காலத்துக்கு முன்னாலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறவள், நேற்றுப் பிறந்த தன்னை அக்கா என்கிறாள். முறை பேசுகிறாள், அதாவது இளையவளாக வந்து குந்திவிட்டாள். தேசம்மாள் துடைப்பத்தை எடுத்தாள். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது.

கூட்டத்தின் நியாயம் அவள் பக்கம் நிற்கவில்லை. ஒருத்தன் ஒருத்திக்கு வருஷக்கணக்கில் பொன்னும் செம்பும் கொடுத்துவிட்டு, அவள் வீடு தேடி வரும்போது கதவைச் சாத்தினால் நாளைக்கு இந்த ஊருக்கு எவன் பெண் கொடுப்பான் என்றார்கள் ஆண்கள். மற்றவர்களும்தானே கொட்டினார்கள் என்று தேசம்மாள் கேட்டதற்கு, நாங்கள் கொடுத்தது கழிவு, உன் புருஷன் கொடுத்தது தங்கம், ரெண்டும் ஒன்றாகுமா என்று நவநீதத்தின் புருஷன் சொன்னான். நவநீதம் பக்கத்து வீட்டுக்காரி. அவள் தன் பங்குக்கு, ரேஷன் கார்டில் பேர் சேர்க்க வேண்டுமென்றால் இப்போதே எழுதிப் போட்டுவிடு, அப்புறம் இழுத்தடிப்பார்கள் என்று அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனாள். கன்னியப்பன் எல்லோருக்கும் நடுவில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவன் முகத்தில் வெட்கம் இருந்தது, பயம் இருந்தது, ஓரமாகக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அந்தப் பெருமையைத்தான் தேசம்மாள் பார்த்தாள்.

தாழை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த இடத்தில் சிமெண்ட் தரை விண்டது. இரும்புக் குழாய்க் கட்டில் அவள் சாய்ந்ததும் நடுவில் தொங்கிப்போனது. பழைய சாமான் எடுக்கும் சகாயம், பெண்ணைப் பார்ப்பது போல நாசூக்காக வந்து, வெற்றிலை வைத்துக் கொடுத்து, ஒரே ஒரு தடவை என் தராசில் ஏறி நின்றுவிட்டுப் போ தாயி என்று கெஞ்ச, அவள் மறுக்காமல் ஏறினாள், லாரி எடை தாங்குகிற தட்டு ரெண்டாகப் பிளந்தது. சகாயம் வருத்தப்படவில்லை, பிளந்த தட்டைக் கடை வாசலில் மஞ்சள் பூசிச் சாத்தி வைத்தார்.

ஊர் என்பது எதையும் நாலு நாளில் செரித்துவிடும். வெறுமையாய்க் கிடந்த ஆற்றுப்படுகையில் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். கீழூர் ஆட்கள் ஒரு வேனில் வந்து, எங்கள் பக்கம் ஆறு வரவே இல்லை, உங்கள் வீட்டு விசேஷம் உங்களோடு இருக்கட்டும், வாரத்துக்கு ரெண்டு நாளாவது அனுப்பி வையுங்கள் என்று கேட்டு, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போக ஜீப்பில் வந்த அதிகாரி, படுகையில் தண்ணீர் இல்லாததைக் கண்டு விசாரிக்க, எல்லோரும் தேசம்மாள் வீட்டைக் கை காட்டினார்கள். தாழை முந்தானையின் நுனியை அவர் பாட்டிலில் பிழிந்து விட்டாள். அவர் மூடியைத் திருகி, சீட்டு ஒட்டி, ரொம்ப நன்றிம்மா என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஒரே ஒரு சங்கடம் மிச்சமிருந்தது. மாலையானால் ஆசிட்டை எங்கே கொட்டுவது? வறண்ட படுகையில் ஊற்றினால் குப்பென்று புகை எழும்பி ஊரே கண்ணைக் கசக்கியது. முதல் ஆளாகக் கன்னியப்பன் அன்னக்கூடையோடு வீட்டுக்கே வந்தான். தாழை இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

"இரு, இரு. சூடாக்கீது. ஆறட்டும்," என்றான் அவன்.

அடுப்படியில் இருந்த தேசம்மாளின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறட்டும் என்கிறானே! தங்கம் தெளியக் காத்திராதவன், பிரசவ ஆஸ்பத்திரி வாசலில்கூட ஒரு டீ குடிக்கிற நேரம் நிற்காமல் லோடு இறக்க ஓடிப்போனவன், இவளுக்கு நாக்கு சுடும் என்று குந்தி உட்கார்ந்து காத்திருக்கிறான். அந்தப் பிரசவத்தில் பிறந்த மகள் கஸ்தூரியைப் புகை ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுக்கிறது என்று கும்மிடிப்பூண்டியில் அக்கா வீட்டில் விட்டு வைத்திருந்தாள் தேசம்மாள். பிள்ளை பக்கத்தில் இல்லாத துக்கம், இவள் பக்கத்தில் இருக்கிற எரிச்சல், ரெண்டையும் சேர்த்து அடுப்பில் கொள்ளியைத் தள்ளினாள். தாழை அந்தப் பச்சை நிற ஆசிட்டைச் சொட்டு விடாமல் குடித்து முடித்து, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் நவநீதத்தின் புருஷன் தன் அன்னக்கூடையோடு தயங்கித் தயங்கி வந்தான். அதற்கடுத்த நாள் எல்லோரும் வந்தார்கள். பொழுது சாய்கிற நேரமானால் தேசம்மாள் வீட்டு வாசலில் ஆண்கள் அன்னக்கூடையை ஏந்தியபடி வரிசையில் நிற்பார்கள், மீசையை ஒதுக்கிக்கொள்வார்கள், ஒருத்தன் தலைவாரி பவுடர்கூடப் போட்டு வந்தான். அவள் ஒவ்வொருத்தன் கொண்டுவந்ததையும் வாங்கிக் குடித்தாள், வேண்டாம் என்று ஒரு நாளும் சொல்லவில்லை, குடிக்கக் குடிக்கக் கனத்தாள். வீடே அவள் உட்கார்ந்திருந்த மூலையைப் பார்த்துச் சரிந்தது. வரிசையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நவநீதம், ரேஷன் கார்டு பேச்சை விட்டுவிட்டாள். அவள் முகமும் தேசம்மாள் முகத்தைப் போலவே கறுக்கத் தொடங்கியது. மற்றப் பெண்களுக்கும் அப்படித்தான். அவரவர் வீட்டில் குழம்பில் உப்பு ஏறியது, பாத்திரங்கள் சத்தம் போட்டன.

ஆடிப்பெருக்கு வந்தது. பெண்கள் ஆற்றங்கரைக்குப் போய் ஆற்றுக்குப் படைத்து, தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற நாள். ஆறு இருக்கிற இடம் தேசம்மாள் வீடு. விடிந்ததும் தட்டு தட்டாகக் காதோலையும் கருகமணியும் மஞ்சளும் சித்திரான்னமும் அந்த வாசலுக்கு வந்து சேர்ந்தன, மனசுக்குள் புழுங்கிக்கொண்டே ஆனாலும் முறைக்குப் பயந்து பெண்கள் எல்லாவற்றையும் தாழையின் காலடியில் வைத்தார்கள், அவளுக்குப் பூ வைத்தார்கள், பொட்டு வைத்தார்கள், அவள் வாங்கிக்கொண்டே இருந்தாள். கன்னியப்பன் விடிகாலையிலேயே பஸ் ஏறிப் போய் தாழைக்கென்று ஒரு மடல் தாழம்பூ வாங்கி வந்திருந்தான், தேடிப் பிடித்தேன் என்று வேறு சொன்னான். வீட்டுக்காரி என்ற முறையில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்து, பாய் போட்டு, சிரித்த முகமாக நின்றாள் தேசம்மாள். தன் கயிற்றை மட்டும் அவள் மாற்றிக்கொள்ளவில்லை. யார் முன்னால் நின்று மாற்றுவது?

மத்தியானம் கூட்டம் கலைந்து, கன்னியப்பனும் வெளியே போனபின், அவள் கதவைச் சாத்திக்கொண்டு தாழையின் எதிரில் உட்கார்ந்தாள். சண்டை போடத்தான் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான், தாழையின் கழுத்துப் பள்ளத்தில், தோலுக்கு அடியில், மஞ்சள் தூள் தூவியது மாதிரி அந்த மினுமினுப்பு தெரிந்தது. அத்தனையும் தன் புருஷன் பொறுமையில்லாமல் சாய்த்த தங்கம்.

"மூக்குல குச்சி சொருகிக்கினு நிக்கறேன் நானு," என்றாள் தேசம்மாள். அழக்கூடாது என்றிருந்தாள், குரல் அவள் சொன்னபடி கேட்கவில்லை. "ஒனக்கு மட்டும் எம்மாம் குட்த்துக்கிறான் பாரு. ரெண்டு பொண்டாட்டின்னா பாதி பாதிதான். என் பாதிய எட்த்து வை."

தாழை தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"தங்கத்த மட்டும் தனியா எடுக்க வராதுக்கா. எடுத்தா எல்லாந்தான் வரும்."

"வரட்டும். எல்லாத்துலயும் பாதி. இன்னா இன்னா குட்த்தானோ எனக்குத் தெரியணும்."

"பாதி தாங்க மாட்ட. கொஞ்சம் வாங்கிக்கோ," என்று சொல்லி, தாழை தன் தலையைச் சாய்த்து தேசம்மாளின் மடியில் வைத்தாள்.

முதலில் குளிர்ந்தது. பிறகு கனம் இறங்கியது. தொடையிலிருந்து எலும்புக்குள் எலும்பாக இறங்கிக் குதிகாலில் போய் உட்கார்ந்தது. நாக்கில் பழைய காசைச் சப்பிய ருசி. விரல்கள் தன்பாட்டுக்கு நடுங்கின, இதே நடுக்கத்தைத்தான் கன்னியப்பன் டீ கிளாஸைப் பிடிக்கும்போது பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. வயிற்றைப் பிடித்து யாரோ முறுக்கினார்கள். தங்கமும் வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது, கண்ணுக்குள் ஒரு பொடி விழுந்த அளவுக்கு வந்தது. போதும் என்று சொல்ல வாயெடுத்தாள். மகளைக் கூப்பிட வேண்டும் போலிருந்தது. கும்மிடிப்பூண்டியில் அக்கா வீடு தெரிகிறது, தகரக் கதவு தெரிகிறது, கதவில் சாய்ந்து நிற்கிற பிள்ளையின் இரட்டைச் சடை தெரிகிறது. பேர் மட்டும் வரவில்லை. மறுபடி மறுபடி தேடினாள். பெற்ற பிள்ளையின் பேர், தானே வைத்த பேர், நெஞ்சில் இருக்க வேண்டிய இடத்தில் களிமண்தான் இருந்தது.

தாழை தலையை எடுத்துக்கொண்டாள். கொஞ்சநேரம் கழித்து, சேற்றிலிருந்து காலைப் பிடுங்குவது போலக் கஸ்தூரி என்ற சொல் தேசம்மாளின் வாய்க்கு வந்தது. அவள் அதைப் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"இதெல்லாமா குட்த்தான்?"

"இது ஒரு கை. வாணான்னு சொல்ல எனக்கு எங்க வாய் கீது? ஊத்தினா வாங்கிக்கணும், அதான் எனக்குத் தெரிஞ்சது. தாங்க முடியாமத்தான்கா எழுந்து வந்தேன். அதுக்கு சீரு குட்த்தாங்கன்னு ஊரு பேரு வெச்சிது."

இந்த இடத்தில் தேசம்மாளின் மனசு இளகி, ஆற்றைக் கட்டிப்பிடித்து அழுதாள் என்று நான் எழுதினால் அவளே வந்து என்னைக் கேட்பாள். அவள் அழவில்லை. அவளுக்குப் பொறாமை போகவுமில்லை, முன்னிலும் கூர்மையானது. தங்கம் கொடுத்தான் என்று நினைத்து வெந்தது ஒன்று, இது வேறு. அவன் தன் கையின் நடுக்கத்தை, தன் எலும்பின் வலியை, தன்னைக் கொல்லப் போகிறதை எல்லாம், கட்டின பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், பொழுதுசாய்ந்தால் கொண்டுபோய் இவளிடம் இறக்கி வைத்திருக்கிறான். சந்தோஷத்தில் பங்கு கொடுக்காதவனை மன்னிக்கலாம். சாவிலும் பங்கு கொடுக்காமல் இன்னொருத்திக்குக் கொடுத்தால் என்ன செய்வது?

மேற்கே மலையில் இடி இடித்தது. தாழை எழுந்து நின்றாள், தரையில் இன்னொரு விரிசல் ஓடியது. மேலே மழை, புதுத்தண்ணி வருது, நான் படுத்தாத்தான் அது ஓடும் என்றாள். வாசலைத் தாண்டும்போது நின்று, நான் போனாலும் அவரு வருவாருக்கா என்றாள், அதில் கேலி இல்லை. பெண்கள் வைத்த பூவோடும் பொட்டோடும் மேட்டிலிருந்து இறங்கிப் போய்ப் படுகையில் நீட்டிப் படுத்தாள். கிரிக்கெட் ஆடிய பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு கரையேறினார்கள். செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் வந்து அவள்மேல் பரவியது. ஊர் அதையும் பார்த்துவிட்டு, சரி, வழக்கமான இடத்துக்கே போய்விட்டாள், இனி யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்று நிம்மதியானது.

பொழுது சாயும்போது கன்னியப்பன் அன்னக்கூடையை ஏந்திக்கொண்டு தன் இறக்கத்துக்கு வந்தான். அங்கே தண்ணீரில், இடுப்பளவில், அவன் முட்டிபோடுகிற கல்லுக்கு நேர் கீழே தேசம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னாமே இது? எழுந்து அப்பால போ," என்றான்.

"ஊத்து."

"ஆசிட்டுமே. வெந்துடுவ."

"அவ வேவல? இத்தினி வருசமா அவளுக்கு ஊத்தினல்ல, இன்னிக்கி எனக்கு ஊத்து. நான்தான கட்டினவ? இனிமே எது குடுக்கறதா இருந்தாலும் மொதல்ல எனக்குக் குடு. மிச்சம் மீந்தா அவளுக்குக் குடு."

கன்னியப்பன் அன்னக்கூடையை மார்போடு பிடித்திருந்தான். கை நடுங்கியது, உள்ளே ஆசிட் தளும்பியது. அவளும் அந்த நடுக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திரு என்று அதட்டினான், கெஞ்சினான், ஊர் சிரிக்கும் என்றான். அவள் முகத்தைத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். சாய்த்தால் போதும், எப்போதும் போல மெல்ல மெல்லச் சாய்த்தால் போதும். அவனால் முடியவில்லை. அவளுக்குக் கண்ணீர் வந்தது, கல்யாணமாகி வந்த பிறகு அன்றைக்குத்தான் அவன் தனக்காக ஒன்றைச் செய்யாமல் இருந்தான் என்பதால் வந்தது.

மேட்டிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த நவநீதத்துக்கு, தேசம்மாள் புருஷன் அப்படிக் கை நடுங்கி நின்ற நிற்பு பொறுக்கவில்லை. என் புருஷன் எனக்காக நிற்க மாட்டானா என்று முணுமுணுத்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, விறுவிறுவென்று இறங்கி, தன் புருஷனுடைய இறக்கத்தில் போய்த் தண்ணீரில் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து அடுத்தவள் இறங்கினாள். அடுத்தவளைப் பார்த்து அதற்கடுத்தவள். ஒருத்திகூட ஆற்றுக்காக இறங்கவில்லை, அதை மட்டும் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கொஞ்ச நேரத்தில் போர்டுமேட்டு ஆண்கள் எல்லோரும் கரையில் வந்து நின்றார்கள். ஆசிட் கனத்தது, கை கடுத்தது, இறக்கி வைக்க ஓர் இடம் தேடினார்கள். ஒவ்வோர் இறக்கத்திலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.